பன்சோரியைக் கூத்துக் காதோடு கேட்கலாமா?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கொரியா பற்றி இங்கே வருகிற எல்லாவற்றையும் வாசிக்கிறவள், எழுதுவது இப்போதுதான். பேச்சு பெரும்பாலும் தொடர்கள், பாட்டுக் குழுக்கள், ராமென், முகத்துக்குப் பூசுகிற கிரீம் என்று போகிறது. நானும் தொடர் வழியாகத்தான் உள்ளே வந்தேன், அதனால் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் என் கேள்வி பன்சோரி பற்றியது.

கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் நின்றபடி, கையில் ஒரு விசிறியை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் பாடுவார். நடுநடுவே வசனமாகப் பேசுவார். ராஜா, கிழவி, கைக்குழந்தை, மாலுமி எல்லாம் அவர் ஒருவரேதான். பக்கத்தில் பாயில் உட்கார்ந்து இன்னொருவர் மேளம் அடிப்பார். வேறு வாத்தியம் கிடையாது, வேஷம் கிடையாது. இப்படியே மணிக்கணக்கில் போகும். கொரியாவின் தென்மேற்கே ஜொல்லா பகுதியில் வேர்விட்ட கலை. 2003இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

ஏதோ ஒரு தொடரில் சந்தையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி இரண்டே வரி பாடுவார். கரகரத்த குரல். நாம் இனிமை என்று சொல்கிற கணக்கில் அது வராது. ஆனால் எனக்கு அதில் எங்கள் ஊர்க் கூத்து கேட்டது. என் தாத்தா கூத்துக்கு மத்தளம் அடித்தவர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊர். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு முன்னால் ராத்திரி ராத்திரி கூத்து நடக்கும். பேரப்பிள்ளைகளைப் பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குக் கீழே உட்கார வைத்துவிடுவார். அங்கிருந்து பார்த்தால் நடிப்பு பாதிதான் தெரியும். வாத்தியம் முழுசாகத் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்குக் குரல் உடைந்து போன ஒரு கூத்துக்காரர், அந்த உடைந்த குரலாலேயே கர்ணனைச் சாகடிப்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கொரியப் பாட்டியின் தொண்டை எனக்கு அந்நியமாகப் படவில்லை.

அதிலிருந்து தேடித் தேடிக் கேட்கிறேன். கடையில் தையல் மிஷின் சத்தத்தில் சரிப்படாது. கை வேலை, கொக்கி கட்டுவது, ஓரம் அடிப்பது என்று வரும்போது காதில் மாட்டிக்கொள்வேன். இப்போது எனக்கு மிகவும் நெருக்கமாக இருப்பது சிம்சோங்கா, அதாவது சிம் சோங் என்ற பெண்ணின் கதை.

அப்பா கண் தெரியாதவர். அம்மா பிரசவம் முடிந்து சில நாளிலேயே இறந்துபோகிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குருடர் வீடு வீடாகப் போய்ப் பால் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார். கிணற்றடியில் நிற்கிற பெண்களிடம் கேட்கிறார். அவர்கள் கொடுக்கிறார்கள். கூச்சப்படாதீர்கள், நாளைக்கும் கொண்டு வாருங்கள், மறுநாளும் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அந்த இடம் எனக்குப் போதும், மீதிக் கதையே வேண்டாம் என்று சில நாள் தோன்றும். பிறகு, முந்நூறு மூட்டை அரிசி புத்தர் கோயிலுக்குக் கொடுத்தால் கண் தெரியும் என்று ஒரு துறவி சொல்ல, அப்பா யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த அரிசிக்காக மகள் தன்னையே கடலோடிகளிடம் விற்கிறாள். இந்தாங்சு என்ற கடல் பகுதியில் கப்பல் கவிழாமல் இருக்க ஒரு பெண்ணைப் பலி கொடுப்பது அவர்கள் வழக்கம். அவள் கடலில் குதிக்கிறாள்.

அதற்கப்புறம் கடலரசன் காப்பாற்றி, தாமரைப் பூவுக்குள் வைத்து அனுப்பி, அவள் பேரரசி ஆகி, அப்பாவைத் தேடுவதற்காக நாட்டில் உள்ள கண் தெரியாதவர்கள் அத்தனை பேருக்கும் விருந்து வைக்கிறாள். மகள் குரலைக் கேட்டு அப்பாவுக்குக் கண் திறக்கிறது. அவருக்கு மட்டுமில்லை, விருந்துக்கு வந்த எல்லாக் குருடர்களுக்கும் திறக்கிறது. இந்த எல்லோருக்கும் என்பதை யார் சேர்த்தார்களோ அவர்கள் பெரிய மனசுக்காரர்கள்.

என் கேள்விகள் இவை. முதலாவது, நான் கேட்கிற விதம் சரியா? மேளம் விழும்போது என் கை நம்ம தாளத்தைப் போடுகிறது. மகள் கடலுக்குப் போகிற இடத்தில் எனக்கு ஒப்பாரிதான் கேட்கிறது. வேறு ஒரு நாட்டுக்காரர்கள் உயிராக வளர்த்த ஒன்றின் மேல் நான் நம்ம ஊரைக் கொண்டுபோய்ப் போர்த்துகிறேனோ என்று உறுத்துகிறது. இரண்டாவது, கொரிய எழுத்து எழுதக் கற்றுக்கொண்டேன், அளவு நோட்டின் பின்பக்கம் முழுக்க அதுதான். இனி எவ்வளவு மொழி கற்றால் பன்சோரி புரியும்? சான்றிதழ் எதுவும் எனக்கு வேண்டாம். மூன்றாவது, கடலூர் புதுச்சேரி பக்கம் இதைக் கேட்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு கட்டத்துக்கு மேல் கஷ்டமாக இருக்கிறது.


முத்தியால்பேட்டை வாத்தியார் (புதுச்சேரி) பதில்:

சகோதரிக்கு வணக்கம். பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பன்சோரியை நானும் சில வருடங்களாகக் கேட்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: கூத்துக் காதோடு தாராளமாகக் கேளுங்கள், உங்களிடம் இருப்பது அந்தக் காதுதான். ஆனால் கையில் போடுகிற தாளத்தை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். காரணம் சொல்கிறேன்.

பன்சோரியில் தாளத்தை ஜங்தான் என்பார்கள். மிக மெதுவானது ஜின்யாங்ஜோ. அடுத்தது ஜுங்மோரி, அதைவிடத் துள்ளலானது ஜுங்ஜுங்மோரி. அப்புறம் வேகமான ஜாஜின்மோரி, எல்லாவற்றிலும் வேகமான ஹ்விமோரி. இதில் ஜுங்மோரியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அடி கொண்டது. நம் பழக்கத்தில் கனம் சமத்தில், அதாவது முதல் அடியில் இருக்கும். ஆவர்த்தனம் சுற்றி வந்து அங்கே இறங்குவதற்காகத்தான் நாம் காத்திருப்போம். ஜுங்மோரியில் குச்சி மேளத்தின் மரத்தில் ஓங்கி விழுகிற இடம் ஒன்பதாவது அடி. வாக்கியம் அங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. மீதி மூன்று அடியில் அந்த முடிச்சு அவிழ்கிறது. முடிச்சும் அவிழ்ப்பும்தான் அவர்களுடைய கணக்கு. நம் கையால் ஆதி தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் அந்த ஒன்பதாவது அடி தவறான இடத்தில் விழுந்த மாதிரி ஒலிக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை மனசுக்குள் எண்ணிக்கொண்டு, ஒன்பதுக்காகக் காத்திருங்கள். நான்கைந்து சுற்றிலேயே பிடிபட்டுவிடும்.

மேளக்காரரைக் கோசு என்பார்கள். இடது பக்கத்தைக் கையாலும், வலது பக்கத்தையும் மரத்தையும் குச்சியாலும் அடிப்பார். அவர் சபையைப் பார்த்து உட்காருவதில்லை, பாடகரைப் பார்த்துத்தான் உட்காருவார். முதலில் கோசு, அப்புறம்தான் பாடகர் என்று கொரியாவில் ஒரு பழமொழியே உண்டு. உங்கள் தாத்தா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவர் நடுவில் போடுகிற குரல், ஒல்சிகு, ஜோத்தா என்றெல்லாம் கேட்டிருப்பீர்களே, அதற்கு சுயிம்சே என்று பெயர். சபையும் போடலாம், போட வேண்டும். வெறுமனே கைகட்டி உட்கார்ந்திருக்கிற சபை பன்சோரிக்குப் பாதிச் சபைதான். கடையில் உட்கார்ந்து நீங்கள் ஆஹா என்று சொன்னால் அதுவும் இதில் சேர்த்திதான்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்துகொள்ளுங்கள், கேட்கும்போது உதவும். ஒரு காலத்தில் பன்னிரண்டு கதைகள் பாடப்பட்டன. இன்று மரபாக நிற்பவை ஐந்து: சுன்ஹ்யாங்கா, சிம்சோங்கா, ஹுங்புகா, சுகுங்கா, ஜொக்ப்யொக்கா. 19ஆம் நூற்றாண்டில் ஷின் ஜே ஹ்யோ என்பவர் (1812-1884) கதைப் பாடல்களைத் திரட்டிச் செப்பனிட்டு எழுதி வைத்தார். ஆண்கள் மட்டுமே பாடிக்கொண்டிருந்த காலத்தில் ஜின் சே சொன் என்ற பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். பெயர் பெற்ற முதல் பெண் பாடகி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஜப்பான் ஆட்சி, போர், சினிமா எல்லாம் வந்து கலை மெலிந்துபோனது. துண்டு துண்டாக, பிரபலமான இடங்களை மட்டும் பாடுகிற நிலை. 1964இல் அரசு பன்சோரியைப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 1968இல் பாக் தோங் ஜின், ஹுங்புகா முழுவதையும் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் பாடிக் காட்டினார். முழுக்கதை பாடுகிற வழக்கம் அதிலிருந்து திரும்ப உயிர் பெற்றது. சோல் தேசிய அரங்கில் 1984 முதல் முழுக்கதைப் பன்சோரிக்கென்றே தனி நிகழ்ச்சி வரிசை நடக்கிறது.

சிம்சோங்காவில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், கப்பல் போகிற இடத்தைச் சொல்வேன். ஜின்யாங்ஜோ. அவ்வளவு மெதுவான தாளத்தில் கரையும் மலையும் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். சாகப் போகிற பெண் கப்பலில் இருக்கிறாள், பாடகர் அவசரப்படவே மாட்டார். அதைக் கேட்டபின் கண் திறக்கிற இடத்தைக் கேளுங்கள், அது ஜாஜின்மோரி. இரண்டுக்கும் நடுவே என்னென்ன இருக்கிறது என்று அப்புறம் ஆசை தானாக வரும். பாடகர்களில் கிம் சோ ஹி (1917-1995), அவர் மாணவி ஆன் சுக் சொன், இருவரையும் கேளுங்கள். சோலில் உள்ள தேசிய குகாக் (கொரிய மரபிசை) மையம் தன் நிகழ்ச்சிகளை யூடியூபில் ஏற்றுகிறது.


லாஸ்பேட்டை நிலா (புதுச்சேரி) பதில்:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வார இறுதியில் புதுச்சேரிக்கு வந்துவிடுவேன்.

மொழிக் கேள்விக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். பன்சோரி முழுவதும் புரிய வேண்டும் என்பதை இலக்காக வைத்துக்கொண்டு மொழி கற்காதீர்கள், மனசு விட்டுப்போகும். பழைய ஜொல்லா வட்டார வழக்கும், சீனச் செவ்விலக்கிய மேற்கோள்களும் கலந்த மொழி அது. என்னோடு வேலை செய்கிற கொரியர்களுக்கே அச்சிட்ட பாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் புரியும். பெரியாழ்வாரையும் கூத்து வசனத்தையும் ஒரே மூச்சில் கேட்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பேச்சு மொழி கற்றுக்கொள்ளுங்கள் அக்கா, கண்டிப்பாக. வசனமாக வருகிற பகுதிகள், அனிரி என்பார்களே, அவை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். கிழவி பேசுகிறாளா, குழந்தை பேசுகிறதா என்று மரியாதை விகுதியை வைத்தே பிடித்துவிடலாம்.

தயவுசெய்து ஆங்கிலம் வழியாகக் கற்காதீர்கள். நான் அப்படித்தான் கற்பிக்கப்பட்டேன். ஆங்கிலத்தில் சொற்களுக்கு முன்னால் வருகிற உருபு கொரிய மொழியில் பின்னால் வரும், வினை கடைசியில் வரும் என்று வகுப்பில் ஒரு பெரிய அதிசயம் போலச் சொல்லிக் கொடுத்தார்கள். நமக்கு அதில் என்ன அதிசயம்? நாம் பேசுவதே அப்படித்தானே. சாப்பிட்டுப் பார், எழுதிக் கொடு, போய்விட்டான் என்று நாம் இரண்டு வினையைச் சேர்ப்போமே, அந்தப் பார், கொடு, விடு மூன்றையும் அவர்களும் அதே இடத்தில் அதே வேலைக்கு வைக்கிறார்கள். கொரிய வாக்கியத்தை எடுத்து, சொல்லுக்குக் கீழே தமிழ்ச் சொல்லை அதே வரிசையில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நல்ல தமிழாகவே வந்து நிற்கும். உங்கள் அளவு நோட்டில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள்.

சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ சென்டரில் (இந்திய-கொரியப் பண்பாட்டு மையம்) கொரிய மொழி வகுப்பு உண்டு. கடையை விட்டுவிட்டுக் கடலூரிலிருந்து போய்வருவது கஷ்டம் என்று தெரியும். அதனால் நான் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை ராத்திரி போனில் ஒரு மணி நேரம் நாம் இரண்டு பேரும் படிக்கலாமா? எனக்கு நீங்கள் கூத்து சொல்லிக் கொடுங்கள். புதுச்சேரியில் பிறந்தும் நான் ஒரு கூத்துகூட விடிய விடியப் பார்த்ததில்லை.


தென்பெண்ணை (கடலூர்) பதில்:

இதில் ஏன் இவ்வளவு தயக்கம்? கொரியாவுக்கும் நமக்கும் ரத்த உறவு உண்டு. கி.பி. 48இல் ஆயுதா நாட்டு இளவரசி ஹோ ஹ்வாங் ஓக் கப்பலில் போய் அன்றைய கொரியாவின் கயா நாட்டு மன்னன் சுரோவை மணந்தாள். கிம்ஹே நகரில் அவள் சமாதி இருக்கிறது, கப்பலில் கொண்டுபோன கல் அடுக்கும் இருக்கிறது. அவள் தமிழ்ப் பெண். அதனால் பன்சோரியும் கூத்தும் ஒன்றுதான், தாராளமாகக் கேளுங்கள்.


கெடிலக்கரை (கடலூர்) பதில்:

எல்லோருக்கும் நன்றி. முதலில் தென்பெண்ணை அண்ணனுக்கு.

ராணி கதை எனக்கும் பிடிக்கும். கிம்ஹே ஹோ வம்சத்தார் இன்றும் அவளைத் தங்கள் பாட்டியாக வணங்குகிறார்கள் என்பது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கதையைச் சொல்கிற சம்குக் யுசா 13ஆம் நூற்றாண்டு நூல். கல்யாணம் நடந்ததாகச் சொல்கிற காலத்துக்கும் எழுதின காலத்துக்கும் நடுவில் ஆயிரத்து இருநூறு வருடம் இருக்கிறது. ஆயுதா என்றுதான் அதில் இருக்கிறது. அயோத்தி என்று நம்பித்தான் 2001இல் அங்கே நினைவுச் சின்னம் வைத்தார்கள். நம் பக்கத்தில் தமிழ்நாடு என்கிறோம். நிரூபணம் இரண்டு பக்கமும் கிடையாது.

அது மட்டும் இல்லை அண்ணா. சொந்தம் என்று நிரூபித்தால்தான் நேசிக்கலாம் என்றால் எனக்கு அது வேண்டாம். பன்சோரி அவர்களுடையது. ஜொல்லாவில் யாரோ ஒரு பாடகி அருவிக்குப் பக்கத்தில் நின்று, அந்த இரைச்சலை மீறுகிற வரை கத்திக் கத்தித் தொண்டையைப் பழக்கியிருக்கிறாள். அதில் நம் பாட்டிக்குப் பங்கு இருந்ததாக நான் சொன்னால் அவள் உழைப்பிலிருந்து எதையோ எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். சம்பந்தமே இல்லாத ஒருத்தி இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து கேட்டு அழுகிறாள் என்பதுதான் அந்தக் கலைக்குப் பெருமை என்று நினைக்கிறேன்.

வாத்தியார் ஐயா, ஒன்பதாவது அடி! நீங்கள் சொன்ன பிறகு போட்டுக் கேட்டேன். இதுவரைக்கும் அந்த ஓங்கி விழுகிற அடியை நான் அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். இப்போது அதற்காக உடம்பு முன்னாலேயே தயாராகிறது. பாடகி மூச்சு வாங்குகிற இடமும் அதோடு சேர்ந்து புரிகிறது. கப்பல் பகுதியைப் பகலில் கேட்க முடியவில்லை, கடைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு கேட்டேன். தேவனாம்பட்டினம் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, 2004க்குப் பிறகும் அதே கரையில் இருப்பவர்களுக்கு, கடலுக்குக் கொடுப்பது என்ற சொல் வேறு மாதிரிக் கேட்கும். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது முடியவில்லை.

நிலா, சனிக்கிழமை ராத்திரி சரிம்மா. ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு. கூத்து நான் சொல்லித் தருகிறேன், ஆனால் பார்க்காமல் தெரியாது. அடுத்து வருகிற ஆனி, ஆடியில் எங்கள் ஊர்ப் பக்கம் எங்காவது தீமிதி வரும், கூட்டிப் போகிறேன்.


மத்தளம் (பண்ருட்டி பக்கம்) பதில்:

வணக்கம்மா. நாங்கள் ஜமாவாகக் கூத்து ஆடுகிறவர்கள், நான் வாத்தியம். என் மகன்தான் இந்தப் பேச்சைக் காட்டினான், அவன்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான்.

நீங்கள் சொன்ன கொரியப் பாட்டை மகன் போட்டுக் காட்டினான். மூன்று தடவை கேட்டேன். ஒரு விஷயம் சொல்லத் தோன்றியது. இது கூத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி உங்களுக்குத் தெரிகிறது, எனக்கு அப்படித் தெரியவில்லை. கூத்தில் வேஷம் உண்டு, கிரீடம் உண்டு, புஜக்கட்டை உண்டு, திரை விருத்தம் பாடி ஆள் வெளியே வருவார், கட்டியக்காரன் பேச்சுக் கொடுப்பான். ஆள் ஆளுக்குப் பாத்திரம். இங்கே ஒரே ஆள் எல்லாமாக நிற்கிறார். இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது கூத்து இல்லை, மத்தியானம் நடக்கிற பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் ஒருத்தர், வில்லிபாரதப் பாட்டைப் பாடுவார், விளக்கம் சொல்லுவார், திரௌபதியாக அழுவார், துரியோதனனாகச் சிரிப்பார், ஊர்க்கதையும் நடுவில் சொல்லுவார். அன்றைக்கு அவர் மத்தியானம் சொன்ன கதையைத்தான் நாங்கள் ராத்திரி ஆடுவோம். உங்கள் தாத்தா ராத்திரி வாத்தியம், அதனால் நீங்கள் ராத்திரியை மட்டும் நினைத்திருக்கிறீர்கள். மத்தியானத்தையும் நினைத்துப் பாருங்கள்.

வாத்தியத்தைப் பற்றி. அந்த மேளக்காரர் அடிக்காமல் விட்ட இடங்களைத்தான் நான் கவனித்தேன். பாடுகிறவருக்குத் தொண்டை நிறைய இருக்கும்போது அவர் ஒதுங்கிக்கொள்கிறார். மூச்சு குறையும்போது உள்ளே வந்து தாங்குகிறார். குரல் கொடுப்பதும் அந்த நேரத்தில்தான். சபைக்காக அவர் அதைச் செய்யவில்லை, பாடுகிறவருக்காகச் செய்கிறார். நாங்களும் அப்படித்தான். விடியற்காலையில் ஆடுகிறவர் கால் தளரும்போது வாத்தியம்தான் தூக்கி நிறுத்த வேண்டும். அது எந்தத் தேசமாக இருந்தாலும் வாத்தியக்காரனுக்குத் தெரியும்.

அந்தப் பெண் கடலில் விழுகிற கதையைக் கேட்டபோது எனக்கு அரவான் களப்பலிதான் வந்தது. கூவாகத்தில் மட்டுமில்லை, நம்ம பக்கத்துக் கோயில்கள் நிறையவற்றில் ஆடுவோம். போரில் ஜெயிப்பதற்காக ஒரு பிள்ளையைப் பலி கொடுக்க வேண்டும், அரவான் நானே வருகிறேன் என்கிறான். அங்கே அப்பன் அர்ச்சுனனுக்கு எல்லாம் தெரியும். உங்கள் கொரியாக் கதையில் அப்பனுக்குத் தெரியாது, கடைசி நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தெரிகிறது என்று மகன் சொன்னான். எனக்கு அது ரொம்பக் கொடுமையாகப் பட்டது. தெரிந்து கொடுக்கிற அப்பனை சபை திட்டித் தீர்க்கலாம், எங்கள் ஊரில் பெண்கள் சத்தமாகவே திட்டுவார்கள். தெரியாமல் சோறு தின்றுகொண்டிருக்கிற குருடனை என்ன செய்ய முடியும்? அதை அந்தப் பாடகி எப்படி எடுத்துப் பாடுகிறார் என்று கேட்க வேண்டும். மகன் தேடிக்கொண்டிருக்கிறான், கிடைக்கவில்லை.

அப்புறம் நீங்கள் தனியாகக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நாலு பேர் சேர்ந்தால் நான் வருகிறேன். இந்தப் பருவம் கூத்து முடிந்துவிட்டது, கையில் நேரம் இருக்கிறது.


முத்தியால்பேட்டை வாத்தியார் (புதுச்சேரி) பதில்:

பாரதப் பிரசங்கம் என்று ஐயா சொன்னதை நான் யோசிக்கவே இல்லை, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அனிரியும் பாட்டும் மாறி மாறி வருவதும் அதே அமைப்புதான். அழ வைத்த கையோடு சிரிக்க வைப்பதும் அப்படித்தான். சிம்சோங்காவில் பெங்தொக் என்று ஒரு பேராசைக்காரி வருவாள். குருடரிடம் இருக்கிற காசை எல்லாம் தின்று தீர்ப்பாள். மகள் போன துக்கம் ஆறுவதற்குள் அவளுடைய சேட்டைகளைச் சரசரவென்று அடுக்கிப் பாடுவார்கள், சபை உருண்டு சிரிக்கும். நம் பிரசங்கியார்கள் பகாசுரன் சாப்பாட்டை அடுக்குவார்களே, அந்த வேகம்.

அப்பா உண்மை தெரிந்துகொள்கிற பகுதி என்னிடம் இருக்கிறது. என் வீட்டு மாடியில் பத்துப் பேர் உட்காரலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வாருங்கள். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். தென்பெண்ணை தம்பியும் கண்டிப்பாக வர வேண்டும், ராணி கதையை அங்கே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.


தென்பெண்ணை (கடலூர்) பதில்:

வருகிறேன் ஐயா. ராணி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, ஆனால் அந்த அருவி பற்றி அக்கா சொன்னது மனசில் நிற்கிறது. பன்சோரி நான் இதுவரை கேட்டதில்லை.


கெடிலக்கரை (கடலூர்) பதில்:

ஞாயிறு கடை அடைப்புதான், வந்துவிடுகிறேன். கடலூர் பஸ் நிலையத்தில் எட்டு மணிக்கு ஏறினால் கன்னியக்கோயில், அரியாங்குப்பம் வழியாகப் பத்து மணிக்குள் முத்தியால்பேட்டை வந்துவிடலாம். தென்பெண்ணை அண்ணன் கூட வருவதென்றால் பஸ் நிலையத்திலேயே சேர்ந்துகொள்ளலாம்.

மத்தளம் ஐயா, வாத்தியத்தையும் கொண்டு வாருங்கள். வாத்தியார் வைத்திருக்கிற பகுதியை முதலில் கேட்போம். அதற்கப்புறம் நீங்கள் களப்பலியில் அரவான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகிற இடத்தை வாசிக்க வேண்டும். பாட ஆள் இல்லை என்றால் எனக்கு அந்த விருத்தம் பாதி தெரியும், தாத்தா சொல்லிக் கொடுத்தது. மீதியை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். நிலா, நீ கொரிய வரிகளை எங்களுக்குத் தமிழில் வரி வரியாகச் சொல்ல வேண்டும். இந்த வாரமே ஆரம்பித்துவிடு, ஒரே ராத்திரியில் செய்கிற வேலை இல்லை அது. சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு, நல்ல தமிழாக்குவதில் நான் உதவுகிறேன்.

மதியச் சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருகிறேன். முதுநகரில் அன்று காலை வருகிற மீனைப் பொறுத்துக் குழம்பு. யார் யார் சைவம் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.